பையைத் திறந்து காட்டுங்க

அவர் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, "உன் கொண்டை ஊசி எவ்வளவு நீளம் இருக்கும்மா?" என்பது.

வேலையில் சேர்ந்த முதல் நாள். தூத்துக்குடி கடற்கரைச் சாலையில், பழைய துறைமுகத்துக்கு எதிரே, ஒரு கப்பல் ஏஜென்ட் கம்பெனியின் மாடி. நான் நாசரேத்தில் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்து, ஞாயிறு பள்ளியில் வசன மனப்பாடத்துக்குப் பரிசும் வாங்கிய பெண். முன்பின் தெரியாத ஆண் கொண்டை ஊசியைப் பற்றி விசாரித்தால் எழுந்து வீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்பது எங்கள் வீட்டுச் சட்டம். எழுந்தும்விட்டேன். அவர் பதறிப்போய் மர ஸ்கேலை நீட்டினார்.

"கழட்ட வேண்டாம்மா, உத்தேசமாச் சொல்லு போதும். பொம்பளையாளுவ பிளேன்ல ஏறும்போது தலையில என்னத்த வச்சிருக்காவன்னு எனக்குத் தெரியணும்லா. ஆம்பள நான் யாருகிட்டப் போய்க் கேக்க?"

இரண்டரை அங்குலம் என்றேன். "குத்துமா?" என்றார். குத்த வேண்டிய ஆள் எதிரே இருந்தால் குத்தும் என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. முதல் நாள் என்பதால் விழுங்கிவிட்டேன். அப்புறம் ஆறு வருஷம் அவருக்குக் கீழே வேலை பார்த்தேன். அந்த ஆறு வருஷமும் எதையும் விழுங்கவில்லை.

அவர் எங்கள் டிக்கெட் பிரிவுக்குத் தலைவர். பிரிவு என்றால் அவரும் நானும்தான். ஐம்பதை ஒட்டிய வயது. கடற்கரைத் தெருக்காரர், தோணி ஓட்டிய குடும்பம். கழுத்துப் பித்தான் வரை பூட்டிய வெள்ளைச் சட்டை, கையில் எப்போதும் குடை. தூத்துக்குடியில் மழை பெய்தால் உப்பளக்காரர்கள் துக்கம் கொண்டாடுவார்கள், அவ்வளவு அபூர்வம். அவர் சித்திரை மாதத்து மொட்டை வெயிலிலும் "மழை வந்துட்டா?" என்பார். வெயிலுக்காவது அதை விரிக்கலாமே என்றால், துணி இற்றுப்போனால் மழைக்கு ஆகாதாம்.

வீடு இரண்டாம் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம். கேட் விரியத் திறந்து கிடக்கும், மாட்டு வண்டி, லாரி எல்லாம் போய்க்கொண்டிருக்கும். அவர் சைக்கிளை விட்டு இறங்குவார். இரண்டு பக்கமும் பார்ப்பார். பிறகு கேட் கீப்பரிடம், "ஒண்ணும் வரலியே?" என்று கேட்டுவிட்டு, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு தண்டவாளத்தைத் தாண்டுவார். கேட் கீப்பர் சளைத்தவர் இல்லை. "வந்தா உங்ககிட்ட ஒரு வார்த்தை கேக்காம விடுவனா அண்ணாச்சி?" என்பார். இவர் அதற்கு நன்றி வேறு சொல்லிவிட்டு வருவார்.

தூத்துக்குடியில் அப்போது விமான நிலையம் கிடையாது. ஆகாய மார்க்கமாகப் போகிறவர்கள் மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போய் ஏற வேண்டும். எங்களிடம் டிக்கெட் வாங்கியவர்கள் உப்புக் கம்பெனி மேனேஜர்கள், கல்கத்தாவுக்குச் சங்கு அனுப்பும் வியாபாரிகள், பம்பாயில் கப்பல் பிடிக்கப் போகும் கப்பல்காரப் பையன்கள். எழுபதுகளின் தொடக்கம் அது. எங்கேயாவது விமானத்தைக் கடத்தினார்கள் என்று பேப்பரில் அடிக்கடி செய்தி வரும். அது வந்த கையோடு விமானக் கம்பெனியிலிருந்து எங்களுக்கு ஒரு சர்க்குலர் வரும், பயணிகள் இன்னின்ன பொருள்களைக் கையில் கொண்டுபோகக் கூடாது என்று. மற்ற ஏஜென்டுகள் அதை ஆணியில் குத்திவிட்டு டீ குடிக்கப் போவார்கள். இவர் எழுந்து நின்று படிப்பார்.

சோதனை போடுவது விமான நிலையப் போலீஸின் வேலை, நம் வேலை டிக்கெட் எழுதுவதோடு முடிந்தது என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தேன். "அங்கன போய் நாலு பேர் முன்னால பிடிபட்டா நம்ம பாசஞ்சருக்குல்லா அவமானம்?" என்பார். ஆகவே எங்கள் ஆபீசில் ஒத்திகை உண்டு. பயணத்துக்கு முந்தின நாள் பயணி தன் பையோடு மாடி ஏறி வரவேண்டும். சுவரோரமாக நீளமான மேசை ஒன்று. "பையைத் திறந்து காட்டுங்க" என்பார். ஒவ்வொன்றாக வெளியே எடுத்து, தட்டி, முகர்ந்து, தூக்கிப் பார்த்து, திரும்ப அழகாக மடித்து வைப்பார். பெண்டாட்டி மடித்ததைவிட நன்றாக மடிப்பார் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். பெண்களின் பையை நான் பார்க்க வேண்டும், அவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று கேள்வி மட்டும் கேட்பார்.

சர்க்குலரில் இருந்த பட்டியல் அரைப் பக்கம். நான் டைப் அடித்து சுவரில் ஒட்டிய எங்கள் ஆபீஸ் பட்டியல் மூன்று பக்கம். பாக்குவெட்டி, அரிவாள்மணை, வலை முடிகிற ஊசி, சுறாமுள், நுனி கூராக உள்ள குடை. தன் குடையின் நுனியை அவரே அரம் வைத்து ராவி மொட்டையாக்கி, அதையே மாதிரியாக மாட்டியும் வைத்திருந்தார்.

மாசியைப் பட்டியலில் சேர்த்த கதை ஊருக்கே தெரியும். மாசி என்றால் மாலத்தீவிலிருந்து தோணியில் வரும் சூரைமீன் கருவாடு. காய்ந்தால் கட்டையோடு கட்டையாக இருக்கும். சென்னையில் இருக்கும் மகளுக்கு அதில் ஆறேழு துண்டு கொண்டுபோக ஒரு பெரியவர் வந்தார். இவர் ஒரு துண்டைக் கையில் எடுத்தார், எடை பார்த்தார், என்னைப் பார்த்தார், மேசை விளிம்பில் ஓங்கி ஒரு அடி அடித்தார். மேசை பெயர்ந்தது. மாசிக்கு ஒரு கீறல் இல்லை.

"நீங்களே சொல்லுங்க. இது சாப்பாடா, உலக்கையா?"

"குழம்புல போடுத சாமானத்த உலக்கைன்னு சொன்ன மொத ஆளு நீருதாம்வே" என்றார் பெரியவர்.

"குழம்புல போடுத வரைக்கும் அது உலக்கைதான்."

கடைசியில் தீர்ப்பு இப்படி ஆனது: இடித்துப் பொடியாகக் கொண்டுபோகலாம். அந்த வீட்டு அம்மா அரை நாள் உட்கார்ந்து மாசி இடித்தாள், இடிக்கிற ஒவ்வொரு இடிக்கும் இவர் பெயரைச் சொல்லி இடித்தாள் என்று கேள்வி.

சங்கு வியாபாரி கதை வேறு. அவர் கல்கத்தாவில் வளையல் அறுக்கிறவர்களுக்குக் காட்ட இரண்டு சங்கு மாதிரிக்கு எடுத்துப் போகிறவர்.

"இத ஊதினா?" என்றார் இவர்.

"எதுக்கு ஊதுதேன்?"

"பிளேன் ஆகாசத்துல போய்க்கிட்டு இருக்கும்போது நீங்க ஊதி, பைலட் திடுக்கிட்டுத் திரும்பிப் பாத்தா?"

"அண்ணாச்சி, இது முனை அறுக்காத சங்கு. இத ஊதினா என் கண்ணுமுழி வெளிய வரும், சத்தம் வராது."

இவர் யோசித்தார். ஆனாலும் ஆகாயத்தில் சங்கு ஊதுவதில்லை என்று எழுதி வாங்கிக்கொண்டார். அந்த உறுதிமொழியை ஆங்கிலத்தில் டைப் அடித்தவள் நான்தான். அன்று மதியம் எனக்குச் சோறு இறங்கவில்லை, சிரித்துச் சிரித்து வயிறு பிடித்துக்கொண்டது.

இப்படி நான் சிரித்துக்கொண்டிருந்த காலத்தில்தான் அவர் இரண்டு நாள் லீவு எடுத்தார். மணப்பாட்டில் ஒரு கல்யாணம். ஒத்திகைப் பொறுப்பு என் தலையில் விழுந்தது. எனக்கு நாசரேத்துப் படிப்பு, பொது அறிவு என்று ஒன்று இருக்கிறது என்ற நம்பிக்கை. பம்பாய்க்குப் போகிற கப்பல்காரப் பையன் ஒருவன் டிரங்குப் பெட்டியோடு வந்தான். வெள்ளந்தி முகம். "கூடாதது ஏதும் இருக்கா தம்பி?" என்றேன். "இல்லக்கா" என்றான். "சரி, காலையில வந்து டிக்கெட்ட வாங்கிக்கோ" என்று அனுப்பிவிட்டேன். பெட்டியைத் திறக்கவே இல்லை.

மறுநாள் காலை அவர் வந்துவிட்டார். பையன் டிக்கெட் வாங்க மாடி ஏறி வந்ததும் அவருடைய மூக்கு விடைத்தது. "பையைத் திறந்து காட்டு" என்றார். பெட்டிக்குள், மடித்த லுங்கிச் சாரத்துக்கு நடுவே ஒரு பம்பு ஸ்டவ். கல்யாணமாகி நாலு மாதமான பெண்டாட்டி கட்டிக் கொடுத்தது. பம்பாயில் மண்ணெண்ணெய்க்கு எங்கே போய் அலைவார் என்று, ரேஷனில் வாங்கியதைக் கழுத்து வரை ஊற்றி, மூடியையும் திருகி, அன்போடு வைத்து அனுப்பியிருக்கிறாள். சாரம் முழுக்க நனைந்திருந்தது.

அவர் என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. மண்ணெண்ணெயைப் பாட்டிலில் வடித்து, சாரத்தைச் சோப்புப் போட்டு அலசி, மாடிக் கைப்பிடியில் காயப் போட்டார். பிறகு பட்டியலை எடுத்து வந்து, "கடைசியில 'அடுப்பு'ன்னு ஒண்ணு சேத்துக்கோம்மா" என்றார். கம்பெனியில் யாரிடமும் அதைப் பற்றி மூச்சு விடவில்லை. ஒரு வாரம் என் பொது அறிவுக்கு வாய் அடைத்திருந்தது. எட்டாம் நாள் திறந்துகொண்டது. பழக்கம் போகுமா?

"ஒரு ஸ்டவ்வப் பிடிச்சிட்டிய அண்ணாச்சி, சரி. அதுக்காகப் பாக்குவெட்டி கொண்டுபோற பொக்கவாய்க் கிழவன் பிளேனக் கடத்திருவானா?" என்று கேட்டேன்.

அதற்கு அவர் முத்துக் குளிப்பைப் பற்றிச் சொன்னார். கடைசியாக முத்துக் குளிப்பு நடந்த வருஷங்களில் அவர் முப்பது சொச்சம் வயதுக்காரர், கரையில் கணக்கு எழுதப் போனவர். அதற்கும் முந்தின காலத்தில் கடல்கட்டி என்று ஒருவர் இருந்தார். சுறாவின் வாயை மந்திரத்தால் கட்டுகிறவர். அவர் வந்து கரையில் உட்கார்ந்து ஜெபமோ மந்திரமோ முணுமுணுத்த பிறகுதான் குளிக்கிறவர்கள் தண்ணீரில் இறங்குவார்கள். அவர் வராவிட்டால் அன்றைக்குக் குளிப்பே இல்லை. வெள்ளைக்கார கலெக்டர்களும் வேறு வழியில்லாமல் அவருக்குப் பங்கு கொடுத்தார்களாம்.

"சுறாவுக்கு மந்திரம் கேக்குமாக்கும்?" என்றேன்.

"சுறாவுக்குக் கேக்காண்டாம்மா. முங்குதவனுக்குக் கேட்டாப் போதும்."

கிறிஸ்துவை நம்புகிற வேதக்காரர் பேசுகிற பேச்சா இது என்று நான் கேட்டேன். அவர் குடையை எடுத்துக்கொண்டு சாப்பிடப் போய்விட்டார்.

அப்புறம்தான் ஒரு பெரியம்மா வந்தார். அறுபது வயதிருக்கும். புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவர். ஒரே மகன் கப்பலில் வேலை. பம்பாய் துறைமுகத்தில் சரக்கு இறக்கும்போது கப்பலின் அடித்தளத்தில் விழுந்து காலை நொறுக்கிக்கொண்டான். காலை எடுக்க வேண்டும் என்று ஒரு டாக்டர், காப்பாற்றிப் பார்க்கலாம், ஆனால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று இன்னொரு டாக்டர். எதற்கானாலும் அவன் கையெழுத்துப் போட வேண்டும். "எங்க அம்ம வரட்டும்" என்று பேனாவைத் தொட மாட்டேன் என்கிறானாம். வியாழக்கிழமை காலைக்கு மேல் தாமதித்தால் இரண்டில் எதுவுமே பலிக்காது என்று தந்தி வந்தது. அது செவ்வாய்க்கிழமை. ரயிலில் போனால் வெள்ளிக்கிழமைதான் போய்ச் சேர முடியும். கப்பல் கம்பெனி விமான டிக்கெட்டுக்கு உத்தரவு கொடுத்துவிட்டது, போக, வர. புதன்கிழமை மதியம் மதுரையில் ஏறினால் சென்னை, அங்கிருந்து இரவுக்குள் பம்பாய்.

பெரியம்மா ஏற மாட்டேன் என்றார்.

"கப்பலுன்னா தண்ணி தாங்குது. இத என்னய்யா தாங்குது? போதாக்குறைக்கு எவன் எவனோ துப்பாக்கிய வச்சிக்கிட்டு ஏறுதானாமே, பேப்பர்ல வாசிச்சிச் சொன்னாவ. நான் செத்தாக்கூடப் பரவால்ல. நான் வழியில செத்தா எம் பிள்ளைக்கு யாரு போய்க் கையெழுத்துச் சொல்லுவா?"

நான் ஆயிரம் பேர் தினமும் போகிறார்கள் என்றேன், ஒன்றும் ஆகாது என்றேன். "நீ போயிருக்கியாளா?" என்றார். இல்லை. "அப்ப சும்ம இரு."

அண்ணாச்சி நீள மேசையைத் துடைத்தார். "அக்கா, பையைத் திறந்து காட்டுங்க" என்றார். முதுகைக் காட்டி நின்றுகொண்டார். நான் ஒவ்வொன்றாக எடுத்துச் சொல்லச் சொல்ல, அதை எதற்காகக் கேட்கிறோம், அதனால் என்ன கெடுதல் வரலாம் என்று விளக்கிக்கொண்டே வந்தார். விமானத்தில் ஏறுகிற ஒவ்வொருவரையும் இப்படித்தான் பார்ப்பார்கள் என்றார். உட்கார்ந்ததும் பெல்ட்டை எப்படி மாட்டுவது, ஏறும்போது காது அடைத்தால் முட்டாய் கொடுப்பார்கள், அதைச் சப்ப வேண்டும், சன்னல் பக்கம் பார்க்காமல் இருப்பது நல்லது, எல்லாம் சொன்னார். அரை மணி நேரத்தில் பெரியம்மாவின் முகம் தெளிந்துவிட்டது. "இம்புட்டுப் பாப்பாவன்னு ஒருத்தரும் சொல்லலியே. அப்ப போவலாம்" என்றார்.

அந்தச் சமயத்தில் பையின் அடியிலிருந்து நான் ஒரு சின்னப் பாட்டிலை எடுத்தேன். மாதா கோயில் விளக்கிலிருந்து வாங்கிய தேங்காய் எண்ணெய். மகன் நெற்றியில் பூச.

"என்னம்மா சத்தத்தக் காணோம்?" என்றார் அவர், திரும்பாமலே.

சொல்லாமல் உள்ளே வைத்துவிடலாம் என்று ஒரு நொடி நினைத்தேன். நனைந்த சாரம் ஞாபகம் வந்தது. சொன்னேன்.

"எண்ணெய். எரியும் பொருள். கூடாது."

"அப்ப நான் போகல" என்றார் பெரியம்மா.

சீர்திருத்த சபைக்காரியான எனக்கு அந்த எண்ணெயில் நம்பிக்கை கிடையாது. ஆனால் அந்த ஒரு அவுன்ஸ் எண்ணெய் இல்லாமல் பெரியம்மா பம்பாய் போகப் போவதில்லை என்பது எனக்குத் தெரிந்தது. நான் சத்தம் போட்டேன். தாளிக்கக்கூடக் காணாத எண்ணெய் விமானத்தை எரித்துவிடுமா என்றேன். பஞ்சில் நனைத்துக் கொண்டுபோகட்டும் என்று யோசனை சொன்னேன். "பஞ்சும் எண்ணெயும் சேந்தா அது திரியில்லாம்மா? அது இன்னும் மோசம்" என்றார். கடைசியில் சென்னை விமானக் கம்பெனி ஆபீசுக்கு டிரங்கால் போட்டார். ஒன்றரை மணி நேரம் காத்திருந்து கிடைத்த லைனில், அங்கிருந்த அதிகாரி சிரித்துவிட்டு, காமன் சென்ஸைப் பயன்படுத்துங்கள் என்று சொல்லி வைத்துவிட்டார்.

இவர் ரிசீவரை மெல்ல வைத்தார். "காமன் சென்ஸ் எந்த சர்க்குலர்ல வருது?" என்றார். கேலியாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே கேட்டார்.

பிறகு எழுந்துபோய் டீ சாஸர் ஒன்றைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார். பெரியம்மாவிடம் கேட்டு, பாட்டிலிலிருந்து நாலு சொட்டு ஊற்றினார். தீக்குச்சியைக் கிழித்து உள்ளே போட்டார். குச்சி சுர்ரென்று அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. மூன்றாவதும் அணைந்ததும் அவர் முகத்தில் வந்த சந்தோஷத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. இந்த எண்ணெய் எங்கள் முன்னிலையில் மூன்று முறை சோதிக்கப்பட்டது, திரி இல்லாமல் எரியாது என்று எனக்கு டிக்டேட் செய்தார். கையெழுத்து, சீல், தேதி. பெரியம்மா அந்தக் காகிதத்தைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். நான் மறுபடி வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் முதல் பஸ்ஸில் மூன்று பேரும் மதுரைக்குப் போனோம். பெண் பயணி என்பதால் நானும் வரவேண்டும் என்றார். விமானம் ஏறுவதற்கு நாலு மணி நேரம் முன்னதாகவே போய்ச் சேர்ந்து, அடைத்த கதவின் முன் உட்கார்ந்திருந்தோம். பஸ் பஞ்சர் ஆனால் என்ன செய்வது என்று அதற்கும் நேரம் ஒதுக்கியிருந்தார்.

மதுரை விமான நிலையம் அப்போது சின்னக் கட்டிடம். ஒரு கயிறு கட்டியிருக்கும், அதற்கு இந்தப் பக்கம் வழியனுப்ப வந்தவர்கள் நிற்கலாம். அந்தப் பக்கம் பெண்களுக்கு ஒரு திரைத் தடுப்பு. பெரியம்மா பையையும் சான்றிதழையும் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். உள்ளே இருந்த பெண் போலீஸ், "என்னாத்தா இது?" என்று பாட்டிலைக் காட்டிக் கேட்பது எங்களுக்குக் கேட்டது. மாதா எண்ணெய் என்றதும், "எனக்கும் ஒரு சொட்டு வையி, தலவலி உயிர் போகுது" என்றார். பிறகு, "போ ஆத்தா, போயி ஏறு."

பெரியம்மா ஏறவில்லை. கயிற்றுக்கு இந்தப் பக்கம் திரும்பி வந்துவிட்டார்.

"ஏளா, அவ எம் பையத் தொடவே இல்லியே."

"நல்லதுதான பெரியம்மா. சீக்கிரம் முடிஞ்சிட்டு."

"என்ன நல்லது? எம் பையத் தொடலன்னா மத்தவுக பையையும் தொட்டிருக்க மாட்டாதான? எல்லாரையும் பாப்பாவன்னு இவரு சொன்னதாலதான நான் ஏற ஒத்துக்கிட்டேன்."

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டார். அந்த நியாயத்தில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்க என்னால் முடியவில்லை. மற்றப் பயணிகள் விமானத்தை நோக்கி நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

இவர் சர்க்குலரை விரித்துக்கொண்டு பெண் போலீஸிடம் போனார். "மேடம், ஒவ்வொரு பையையும் திறந்து பாக்கணும்னு இதுல..." அந்த அம்மா நெற்றியில் எண்ணெயோடு அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அண்ணே, அறுவது வயசுக் கிழவி, மகனப் பாக்க அழுதுகிட்டுப் போகுது. எனக்கென்ன கண்ணு அவிஞ்சா போச்சு?" அதிலும் ஓட்டை இல்லை.

அவர் திரும்பி வந்தார். "மத்தவங்கள எல்லாம் நேத்தே பாத்துட்டாவன்னு ஒரு பொய் சொல்லுங்க அண்ணாச்சி" என்று நான் காதோரம் கெஞ்சினேன். "பயந்த மனுசிகிட்டப் பொய் சொல்லியா ஏத்திவிடச் சொல்லுத?" என்றார். வெள்ளைப் பேன்ட்டோடு அந்தத் தரையில், பெரியம்மாவுக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். உட்காருமுன் தரையைப் பார்க்கவில்லை.

"அக்கா, உள்ளதச் சொல்லுதேன். சரியாப் பாக்கல. மத்தவங்களப் பாத்தாவளான்னு எனக்குத் தெரியாது. நான் இதுல ஒரு தடவகூட ஏறினதும் இல்ல."

எனக்கே அது அப்போதுதான் தெரியும்.

"அப்ப பெல்ட்டு, முட்டாயி எல்லாம்?" என்றார் பெரியம்மா.

"புஸ்தகத்துல படிச்சது."

"ஏன் ஏறல?"

"பயம்."

"பயந்துகிட்டா எங்க பிள்ளையளுக்கெல்லாம் டிக்கெட்டு எழுதிக் குடுத்த?"

"அதனாலதான் ஒவ்வொரு பையையும் பாத்தேன் அக்கா. நானே ஏறுத மாதிரி நெனச்சித்தான் பாத்தேன்."

சீருடை போட்ட ஒருவர் ஓடி வந்து, இன்னும் ஐந்து நிமிஷம், அதற்குமேல் நிறுத்த முடியாது என்று கத்திவிட்டுப் போனார். இவர் காதில் வாங்கவில்லை.

"உங்க மவன் மொதல்ல கப்பலேறுன அன்னைக்கு அந்தக் கப்பல யாரு பாத்தா? உங்க வீட்டுக்காரரு கடல்ல போன அன்னைக்கு யாரு பாத்தா? ஆனாலும் கரையில நின்னு அனுப்பித்தான வச்சிய? இன்னைக்கு அவன் நீங்க வருவியன்னு பேனாவத் தொடாமக் கெடக்கான். நாளைக்குக் காலம்பற வரைக்குந்தான் அந்தக் காலுக்கு நேரம். இதுக்கு மேல ஒருத்தர் பாத்துச் சொல்ல முடியாது அக்கா. நீங்க போணும்."

பெரியம்மா முந்தானையை இழுத்துச் சொருகினார். பிறகு பையை அவர் மடியில் வைத்தார்.

"சரி. நீயே ஒருதரம் பாத்திரு."

இரண்டு நிமிஷம்தான் இருக்கும். முதுகைக் காட்டாமல், அத்தனை பேர் பார்க்க, அந்தத் தரையிலேயே பையைத் திறந்தார். சேலையை எடுத்து உதறினார். ஜெபமாலையைத் தூக்கிப் பார்த்தார். மகனுக்கு வாங்கின மஸ்கோத் அல்வாவை முகர்ந்தார். எண்ணெய்ப் பாட்டிலின் மூடியை இன்னும் ஒரு திருகு திருகினார். எல்லாவற்றையும் திரும்ப மடித்து வைத்து, "ஒண்ணும் இல்லக்கா. சரியா இருக்கு" என்றார். பெரியம்மா எழுந்து, திரும்பிப் பார்க்காமல், வேகமாக நடந்து போய்ப் படி ஏறினார். கடைசி ஆள் அவர்தான்.

விமானம் ஓடத் தொடங்கியதும் இவர் கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். "போயிட்டா? போயிட்டா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். அது வானத்தில் புள்ளியாகிற வரை நான் "இன்னும் இல்ல, இன்னும் இல்ல" என்று சொல்லி ஏமாற்றிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்திலும் எனக்குக் குறும்பு போகவில்லை என்பதை வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன்.

பம்பாயில் மகன் அம்மாவைக் கண்டதும் கையெழுத்துப் போட்டான். காலை எடுக்கவில்லை. கொஞ்சம் சாய்ந்து நடப்பானே தவிர, கால் நின்றது. பெரியம்மா அவன் தேறும் வரை ஒன்றரை மாதம் அங்கேயே இருந்துவிட்டு ஊருக்கு வந்தார். ஸ்டேஷனிலிருந்து நேரே எங்கள் மாடிக்கு வந்து, முந்தானையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்து மேசை மேல் வைத்தார். திரும்பி வருவதற்கு எழுதிக் கொடுத்த விமான டிக்கெட். கிழிக்கப்படாமல் அப்படியே இருந்தது. மூன்று நாள், மூன்று ரயில் மாறி வந்திருக்கிறார். கண்ணெல்லாம் கரி.

"ஏன் பெரியம்மா? போகும்போது பிளேன்ல பயமா இருந்துச்சா?" என்று கேட்டேன்.

"ஒரு பயமும் இல்ல. முட்டாயி குடுத்தா, சப்பிக்கிட்டே போனேன்."

"அப்புறம் ஏன் ரயில்ல வந்திய?"

பெரியம்மா என்னை ஒரு பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி பார்த்தார். "பம்பாயில எம் பையப் பாத்துச் சொல்ல ஆளு யாருளா இருக்கா?"

அண்ணாச்சி எழுந்து நின்று அந்த டிக்கெட்டை இரண்டு கையாலும் வாங்கினார். பெயர், தேதி, நம்பர் எதையும் சரிபார்க்காமல் மேசை இழுப்பறைக்குள் வைத்துப் பூட்டினார்.